ஒரே நாளில் வீடு மாறும் நகரம்

யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு வீடு மாறுதல் ஒரு குடும்பத்தின் சொந்தக் காரியம். பஞ்சாங்கத்தைப் புரட்டி நாள் பார்ப்போம், பால் காய்ச்சுவோம், அயலவர் இருவர் அலுமாரிக்குக் கை கொடுப்பர். அடுத்த தெருவாருக்கு அது தெரியவும் வராது. ஆனால், ஒரு நகரத்து மக்களில் பெருந்தொகையினர் ஒரே நாளிற் கட்டிலையும் மெத்தையையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கும் காட்சியை நம் வாசகர்களிற் பலர் கண்டிருக்க மாட்டார்கள். நாம் அதனைக் கண்டோம். கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்திலுள்ள மொன்றியல் நகரிலே, 2023ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி, சனிக்கிழமை கண்டோம்.

நாம் அங்குச் சென்றது நகர் காண்பதற்கன்று. எம் தங்கை குடும்பத்தினர் பதினைந்து ஆண்டுகள் வாடகை வீட்டில் வாழ்ந்தபின் சொந்த வீடொன்று வாங்க முற்பட்டனர். எம் அன்னையாரும் அவர்களோடுதான் இருக்கிறார். “நீயும் ஒருக்கால் வந்து நின்றால் நல்லது, தம்பி” என்று அன்னையார் தொலைபேசியிற் சொன்னபோது, அந்தச் சொல்லின் பின்னே ஏதோ ஒரு வழக்கு இருப்பதை உணர்ந்தோம். கல்லூரியில் விடுப்புப் பெற்றுக்கொண்டு மே மாத நடுவிலே புறப்பட்டோம்.

மொன்றியல் ஒரு தீவு. சென் லோறன்ஸ் என்னும் பேராறு அதன் ஒரு பக்கமாக ஓடுகின்றது. நகரின் நடுவே 233 மீற்றர் உயரமான மொன் றோயல் குன்றும், அதன்மேல் 1924ஆம் ஆண்டில் நாட்டப்பட்ட இரும்புச் சிலுவையும் தூரத்திலிருந்தே தெரியும். பழைய குடியிருப்புக்களிலே இரண்டு மூன்று மாடி வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. மேல்மாடிக்குச் செல்லும் படிகள் பலவற்றில் வீட்டுக்கு வெளியே, இரும்பினால் வளைந்தும் நெளிந்தும் அமைந்திருக்கின்றன. பார்வைக்கு அழகுதான், ஆனால் அப்படிகளிலே குளிர்சாதனப் பெட்டியை இறக்குவோரிடம் அழகைப் பற்றிக் கேட்டல் ஆகாது. அங்கே வாடகைக்குக் குடியிருப்போர் பெரும்பாலும் தத்தம் மின்னடுப்பையும் குளிர்சாதனப் பெட்டியையும் கூடவே கொண்டு திரிவதே வழக்கம்.

எம் தங்கை குடியிருந்தது பார்க் எக்ஸ்ரென்ஷன் என்னும் பகுதி. முன்னர் கிரேக்க மக்கள் மிகுந்து வாழ்ந்த அவ்விடத்தில் இன்று பஞ்சாபியரும் வங்காளியரும் நம்மவரும் நிறைந்திருக்கின்றனர். தெருவில் நடந்தால் ஒரு கடையிற் கருவேப்பிலையும் மறு கடையில் ஒலிவக் காயும் மணக்கும். அதன் மேற்கெல்லையிலே ஒரு பெருவீதி; அவ்வீதிக்கு அப்பால் நீண்டதொரு வேலி; வேலிக்கு அப்பாற் செல்வந்தர் வாழும் வேறொரு நகரசபை. “அந்த வேலியைப் பார்த்துப் பார்த்தே சொந்த வீட்டு ஆசை வந்தது, மச்சான்” என்றார் எம் மைத்துனர்.

யூலை முதலாந் திகதி

இந்நகரத்தார் ஒரே நாளில் வீடு மாறுவதேன்? பனிக்காலம் அங்கே கொடியது. ஓராண்டில் ஏறத்தாழ இரண்டு மீற்றர் பனி விழும். பனி உருகுமுன் குடிகளை வெளியேற்றலாகாது என்ற கருணையினால், பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே மே மாத முதலாந் திகதி குடிமாறும் நாளாயிற்று என்பர். நியூயோர்க் நகரிலும் ஒரு காலத்தில் மே முதலாந் திகதியே குடிமாறும் நாளாயிருந்து, பின்னர் வழக்கொழிந்தது. மொன்றியலில் அது நிலைத்து நின்றது. ஆயின், மே மாதத்திற் பிள்ளைகளின் படிப்பு நடுவழியில் முறிவதனால், 1970களின் முற்பகுதியிலே சட்டம் திருத்தப்பட்டு, வாடகை ஒப்பந்தங்கள் யூன் இறுதியில் முடிந்து, யூலை முதலாந் திகதி தொடங்கலாயின. இன்று அத்திகதியைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, வழக்கமே கட்டாயப்படுத்துகின்றது. யூலை முதலாந் திகதி கனடா நாட்டின் பிறந்தநாளுமாகும். ஏனைய மாகாணத்தார் கொடி ஏற்றும் வேளையிலே இவர்கள் லொறியிற் சாமான் ஏற்றுகின்றனர்.

வாடகைச் சட்டத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆண்டு ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்படும். வெளியேற எண்ணுபவர் ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அஃதாவது யூன் 30இல் முடியும் ஒப்பந்தத்துக்கு மார்ச் முடிவுக்குள் அறிவிக்க வேண்டும். வீட்டுக்காரர் வாடகை உயர்வு கேட்டு எழுதினால் ஒரு மாதத்துள் மறுமொழி கொடுக்க வேண்டும். மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும். எம் தங்கைக்கு அக்கடிதம் பெப்ரவரி இறுதியில் வந்தது. அப்போது வாங்குவதற்கு வீடு கிடைக்கவில்லை. விட்டுப் போகிறோம் என்று எழுதினால் யூலையில் தெருவில் நிற்க நேரலாம். இருக்கிறோம் என்று எழுதினால் இன்னுமோர் ஆண்டு வாடகை தலையில் விழலாம். பல நாள் உறங்காது யோசித்து, மார்ச் மாதத்திற் போகிறோம் என்றே எழுதிவிட்டனர். ஏப்பிரலில் முருகன் கண் திறந்தான்; தீவின் மேற்கிலே பியர்போன் என்னும் பகுதியில், டொலார் டெ ஓர்மோவிலுள்ள திருமுருகன் ஆலயத்துக்கு அண்மையில், மூன்று அறை வீடொன்று அமைந்தது. விற்றவர்கள் வயது முதிர்ந்த பிரெஞ்சுத் தம்பதியர். அவர்கள் முன்னரே மகளின் வீட்டுக்குச் சென்றுவிட்டபடியால், உறுதியை மே இறுதியில் முடித்தாலும் யூன் இறுதியில் முடித்தாலும் தமக்கு ஒன்றே என்றனர். அங்கேதான் வழக்குப் பிறந்தது.

ஆனியா, வைகாசியா?

எம் மைத்துனர் கணக்கிற் கெட்டிக்காரர். யூன் 30இல் உறுதி முடித்து, யூலை முதலாந் திகதி காலையில் பழைய திறப்பைக் கொடுத்து, மாலையிற் புதிய வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு சதமும் வீணாகாது என்பது அவர் முடிவு. மே இறுதியில் முடித்தாலோ, யூன் மாதத்துக்குப் பழைய வீட்டு வாடகை 980 டொலரும், புதிய வீட்டுக் கடன் தவணையும், இரண்டு வீட்டுக்கும் காப்புறுதியும் மின்கட்டணமும் ஒருங்கே இறுக்க வேண்டும். “ஆளில்லாத வீட்டுக்கு ஆயிரம் டொலரா, மச்சான்? அது என்னுடைய இரண்டு கிழமைச் சம்பளத்தைத் தின்றுவிடும்” என்றார். அவர் தொழிற்சாலையில் இராவேலை செய்பவர். அவர் பேச்சில் நியாயம் இல்லையென்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

அன்னையார் பஞ்சாங்கத்தை மடியில் வைத்திருந்தார். யூன் நடுவிலே ஆனி பிறந்துவிடும். யூலை நடுவிலே ஆடி. இவ்விரு மாதங்களிலும் நம்மவர் குடிபுகுவதில்லை. மொன்றியல் நகரத்தார் குடிமாறும் நாளோ ஆண்டுதோறும் ஆனிக்குள்ளேயே விழுகின்றது! “வைகாசிக்குள்ளே பாலைக் காய்ச்சிப் போடுவம். நல்ல நாள் பார்த்துப் போக இந்த முறையாவது விடுங்கோ, தம்பி” என்று மருமகனைப் பார்த்துச் சொன்னார். அதன்பின் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

‘இந்த முறையாவது’ என்ற சொல்லின் பொருள் எமக்குத் தெரியும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி மாலை, ஒலிபெருக்கியில் அறிவித்தல் கேட்டு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் புறப்பட்டபோது எமக்கு வயது பதினாறு. அடுப்பிற் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அன்னையார் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார். விளக்கு வைக்க நேரமில்லை. இரவு முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நெரிசலில் அடியடியாக நகர்ந்தோம். அடுத்த ஆண்டு திரும்பியபோது அந்த வீட்டுக்குக் கூரையில்லை. அதன்பின் அன்னையார் குடியிருந்தவை எல்லாம் பிறர் குறித்த நாளிற் புகுந்து, பிறர் குறித்த நாளில் விட்ட வீடுகளே.

மைத்துனர் எழுந்து சென்று தேநீர் கொண்டுவந்தார். பின்னர், “கணக்கை ஒருக்கால் திருப்பிப் பார்ப்பம்” என்று காகிதத்தை எடுத்தார். நாமும் உடனிருந்தோம். வங்கியார் பெப்ரவரியில் எழுதித் தந்த வட்டி வாக்குறுதி 120 நாட்களுக்கே செல்லும் என்பதை அப்போதுதான் கவனித்தோம். யூன் நடுவில் அது முடிந்துவிடும். யூன் இறுதியில் உறுதி முடித்தால் அன்றைய வட்டியே கிடைக்கும். அன்றோ வட்டி ஏறுமுகமாயிருந்தது. இருபத்தைந்து ஆண்டுக் கடனில் வட்டி சிறிதே ஏறினும் ஒரு மாத வாடகை அதற்குமுன் எம்மாத்திரம்! மேலும், யூலை முதலாந் திகதி லொறி வாடகையும் கூலியும் சாதாரண நாளைவிட இரண்டு மூன்று மடங்காகும். பல மாதத்துக்கு முன்னரே பேசாதவருக்கு லொறியே கிடையாது. வீடு வெறுமையாயிருக்கும்போது சுவருக்கு நிறம் பூசுவது எளிது. சாமான் வந்து நிறைந்தபின் அரிது. இவற்றை எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, 980 டொலரை மறுபக்கத்தில் எழுதியபோது, மைத்துனர் பேனையைக் கீழே வைத்தார். “சரி மாமி, வைகாசியிலே செய்வம்” என்றார்.

உறுதியும் பாலும்

மே 31ஆந் திகதி புதன்கிழமை உறுதி முடிந்தது. பொன் கிடைத்தாலும் புதன் கிடையாது என்று அன்னையாருக்கு மகிழ்ச்சி. கியூபெக் மாகாணத்திலும் நம் நாட்டைப் போலவே நொத்தாரிசுக்கு மதிப்புப் பெரிது. வீட்டின் மேலான ஈட்டினை அவர் முன்னிலையிலேயே எழுதுதல் வேண்டும் என்பது சட்டம். பணம் அவர் கையாலேயே மாறும். அவ்வாண்டுக்கான நகரசபை வரியையும், விற்றவர் இருந்த நாள் எத்தனை, வாங்கியவர் இருக்கும் நாள் எத்தனை என்று நாட்கணக்கிற் பிரித்து விடுகின்றனர். வீடு வாங்கியவருக்குச் சில மாதம் கழித்து நகரசபையிலிருந்து இன்னுமொரு கடிதம் வரும். அதனை மக்கள் ‘வரவேற்பு வரி’ என்கின்றனர். வரவேற்பு என்ற பெயரிற் சில ஆயிரம் டொலர் கேட்கும் அக்கடிதத்துக்காக மைத்துனர் முன்னரே பணம் ஒதுக்கி வைத்திருந்தமையை மெச்சினோம். யூன் 7ஆந் திகதி கனடாவின் மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை 4.75 சதவீதமாக உயர்த்திய செய்தி வந்தபோது, அவர் எம்மைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் வியாழக்கிழமை, வைகாசி இருபத்தைந்து. விடியற் காலையிற் குத்துவிளக்கு, நிறைகுடம், அரிசி, உப்பு, மஞ்சள், சுவாமி படம் என்பவற்றோடு புதிய வீட்டுக்குட் புகுந்தோம். கதிரை கட்டில் ஒன்றுமில்லை. மின்னடுப்பிலே பால் பொங்கி வழிந்தது. வழிந்த பால் சுட்டு எழுந்த புகைக்கும், அன்னையார் ஏற்றிய கற்பூரத்துக்கும் சேர்த்து, கூரையிலிருந்த தீ எச்சரிக்கை மணி வீடதிர அலறியது. பிள்ளைகள் இருவரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தனர். “கோயில் மணி மாதிரித்தானே, அடிக்கட்டும்” என்றார் அன்னையார். அன்றிரவு எல்லோரும் வெறுந் தரையிற் பாய் விரித்து உறங்கினோம். மறுநாள் பழைய வீட்டுக்குத் திரும்பினோம்.

அப்போதுதான் ஓர் உண்மை எமக்குப் புலப்பட்டது. நம் முன்னோர் பாலை ஒரு நாளும் சாமானை வேறொரு நாளுமாகக் கொண்டு செல்லும் வழக்கத்தை வைத்தது நாள் நட்சத்திரத்துக்காக மட்டுமன்று. புதிய வீட்டிற் கால் வைத்தபின்பே பழைய வீட்டிலிருந்து கால் எடுத்தல் வேண்டும் என்ற உலகியல் அறிவும் அதனுள்ளே அடங்கியிருக்கின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே மறுகாலைத் தூக்குகிறோம். இரண்டையும் ஒருங்கே தூக்கினால் விழுவோம்.

யூன் மாதம் அமைதியாகச் சென்றது. மைத்துனர் இராவேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் சுவருக்கு நிறம் பூசுவார். பிள்ளைகள் பழைய பாடசாலையிலேயே ஆண்டினை நிறைவு செய்தனர். பெருஞ் சாமான்களை ஏற்றுவதற்கு யூன் 25ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமைக்கு லொறி பேசியிருந்தோம். அன்று காலையில் யன்னலைத் திறந்தால் எதிர் வீடு மங்கலாகத் தெரிந்தது. அக்கோடையிற் கியூபெக்கின் வடபாற் காடுகள் தீப்பற்றி எரிந்தன அல்லவா? அப்புகை நகரின்மேல் இறங்கிவிட்டது. உலகின் பெருநகரங்களுள் அன்று காற்று மிகவும் கெட்டிருந்தது மொன்றியலிலேதான் என்று செய்தி சொல்லிற்று. அன்னையாருக்கோ தொய்வு நோய். வெளியே இறங்க முடியாது. மைத்துனர் லொறிக்காரரை அழைத்து, “இன்று வேண்டாம், புகை குறைந்தபின் வாருங்கள்” என்று சொல்லி வைத்தார். அவ்வளவுதான். அவ்வாரத்திலேயே மூச்சுவிடக்கூடிய ஒரு நாளிற் சாமான்கள் போய்ச் சேர்ந்தன. “அந்தத் தொலைபேசிக் கதைக்குத்தான் மச்சான், ஆயிரம் டொலர் கொடுத்தது” என்றார் அவர்.

கடைசி விளக்கு

யூன் 30ஆந் திகதி மாலை பழைய வீட்டுக்குச் சென்றோம். தங்கை தும்புத்தடியாற் கூட்டினாள். நாம் அலுமாரி நின்ற இடத்தைத் துடைத்தோம். அன்னையார் சுவாமி இருந்த மூலையிலே சிறு விளக்கொன்றை ஏற்றி, அது தானாகவே நூரும்வரை அருகில் அமர்ந்திருந்தார். பின்னர் எழுந்து, “இனிப் போவம்” என்றார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் வைக்க முடியாமற்போன விளக்கு அதுவென்று நாம் எண்ணினோம்; வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாட் காலையில் மருமகள் எம்மை அப்பகுதிக்கு மீண்டும் அழைத்துச் சென்றாள். “மாமா, இதைப் பார்க்காமல் ஊருக்குப் போகக் கூடாது” என்றாள். தெரு முழுவதும் லொறிகள். நடைபாதையெங்கும் மெத்தைகள், பூச்சாடிகள், கால் உடைந்த கதிரைகள், எவரும் வேண்டாது விட்டுச் சென்ற தொலைக்காட்சிப் பெட்டிகள். துவிச்சக்கர வண்டியின் பின்னே சிறு தள்ளுவண்டி பூட்டி, அதிலே நூலலுமாரியை ஏற்றிச் சென்றான் ஓர் இளைஞன். ஒரு வீட்டு வாசலில் ஐந்து பேர் கொண்ட குடும்பமொன்று தம் குளிர்சாதனப் பெட்டியின் நிழலிலே அமர்ந்திருந்தது. உள்ளே இருப்பவர் இன்னும் வெளியேறவில்லை. அவர் போகவேண்டிய வீட்டிலும் ஆள் வெளியேறவில்லையாம். எங்கோ ஒருவர் தாமதித்தால் நகரின் நாலு மூலையிலும் நாலு குடும்பம் வெயிலில் காத்திருக்கிறது.

எம் தங்கையின் பழைய வீட்டை நிமிர்ந்து பார்த்தோம். கைக்குழந்தையோடு ஓர் இளந் தம்பதியர் மேல்விறாந்தையில் நின்றனர். காலை ஒன்பது மணிக்கே அவர்கள் குடியேறிவிட்டனர். வீடு முதல் நாளே வெறுமையாகித் துப்புரவாகி இருந்தமையால், அவர்கள் தெருவில் ஒரு நிமிடமும் நிற்க நேரவில்லை. எம் மைத்துனர் இறுத்த 980 டொலரின் ஒரு பகுதி, பெயரறியாத அந்தக் குழந்தைக்கும் நிழலாயிற்று.

வீடு வாங்க எண்ணும் வாசகர்களுக்கு, அது கொழும்பிலாயினும் யாழ்ப்பாணத்திலாயினும் கடல் கடந்த நாட்டிலாயினும், நாம் கண்டறிந்த சிலவற்றைச் சொல்லி அமைவோம். உறுதித் திகதியையும் வாடகை முடியுந் திகதியையும் ஒரே நாளிற் பொருத்தாதீர்கள். இரண்டு கிழமையாவது இடைவெளி விடுங்கள். அவ்விடைவெளிக்கான செலவை வீட்டு விலையிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். அப்போது அது நட்டமாகத் தோன்றாது. விட்டுப் போகும் அறிவித்தலை எழுத்தில், உரிய மாதத்திற் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் வட்டி வாக்குறுதி எந்நாள்வரை செல்லும் என்று திகதியைப் பாருங்கள். இரண்டு திறப்பும் கையில் இருக்கும் நாட்களில் இரண்டு வீட்டுக்கும் காப்புறுதி இருக்கட்டும். மொன்றியலில் உள்ள உறவினருக்கு ஒரு சொல் அதிகம்: ஒப்பந்தக் காலம் முடியுமுன் வாடகை வீட்டை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் முறையிலே, 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வலுவான காரணம் இல்லாமலும் வீட்டுக்காரர் மறுக்கலாம், அவ்வாறு மறுத்தால் மாற்றம் நிகழவிருந்த நாளோடு ஒப்பந்தம் முடிந்து, குடியிருப்பவர் விடுபடுவார்.

யூலை முதல் வாரத்திலே நாம் ஊர் திரும்பினோம். புறப்படும்போது அன்னையார் புதிய வீட்டு வாசலில் நின்று விடை தந்தார். அவர் கையில் திறப்புக் கோவை இருந்தது. அதனை எண்ணிப் பார்த்தபடியே, “எல்லாம் எங்களுடையதுதான், தம்பி” என்றார்.